ஒப்புக்கொள்ள ஓர் ஆள்

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் வீடு மாறினார். பெரிய கம்பெனி. சீருடை போட்ட ஆட்கள், சக்கரம் வைத்த மேடை, அட்டைப்பெட்டிக்கெல்லாம் எண். புது வீட்டில் இறக்கிப் பார்த்தால் சாப்பாட்டு மேசையின் ஒரு காலைக் காணோம். மனிதர் கம்பெனிக்குப் போன் போட்டார். பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல், "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றது. யாரும்மா வருந்துறது என்று கேட்டார். ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து வருந்தியது.

இதை அவர் என்னிடம் வந்து சொன்னபோது எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஒரு பொருள் உடைந்தால் கை, கால், முகம் எல்லாம் உள்ள ஒரு மனிதர் வந்து முன்னால் நிற்பார். சலவைச் சட்டை போட்டிருப்பார். "நான்தாங்க" என்பார். அவ்வளவுதான், வீடே குளிர்ந்துவிடும்.

நான் அப்போது வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குச் சொத்து என்று இருந்தது ஒரு லாரி, நாலு லோடுமேன்கள், ஒரு கட்டு கயிறு, ஏராளமான பழைய கம்பளிகள். பீரோவுக்கும் கண்ணாடிக்கும் அந்தக் கம்பளிகளைத்தான் போர்த்துவோம். ஊரில் உள்ள அத்தனை வீடுகளின் வாசனையும் அவற்றில் ஏறியிருந்தது. மத்தியானம் லாரிக்குள் அவற்றின் மேல் படுத்தால் ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய தைலம், மறுபக்கம் யாருடைய குழந்தையோ கொட்டிய பால். அதைவிட நல்ல தூக்கம் எனக்குப் பிறகு எந்த மெத்தையிலும் வாய்க்கவில்லை.

தொழிலில் ஒரே தொல்லை, உடைவதுதான். உடைத்தவனையே பேசவிட்டால், "அது முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சுங்க" என்று ஆரம்பிப்பான். வீட்டுக்காரர், "அப்ப நான் பொய் சொல்றேனா" என்பார். ஒருமுறை ஒரு பூந்தொட்டிக்காக வாய்ச்சண்டை முற்றி, எங்கள் ஆட்கள் கோபத்தில் இறக்கிய சாமானையெல்லாம் திரும்ப ஏற்றிக் கொண்டுபோய்ப் பழைய வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி.

இதற்கு மேல் தாங்காது என்று முதலாளி ஒப்புக்கொள்வதற்கு மட்டும் ஒரு ஆளை வேலைக்கு எடுத்தார். ஆள் கிடைத்த கதையைச் சொல்கிறேன். முதலாளி ஒரு துணிக்கடையில் சட்டை போட்டுப் பார்க்கும்போது கையை வீசி, தோள்பட்டையைக் கிழித்துவிட்டார். கடை முதலாளி ஓடி வந்தார். ஓரமாக நின்ற ஒரு சிப்பந்தி, "நான்தாங்க கிழிச்சேன்" என்றார். இதே மாதிரி அந்தக் கடையில் நடந்த எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொண்டு அவர் ஏற்கெனவே வேலை போகும் நிலையில் இருந்தார். எங்கள் முதலாளி அந்தக் கிழிந்த சட்டையையும் அந்த ஆளையும் கையோடு கூட்டிவந்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு 'நான்தான் அண்ணன்'.

ஒப்புக்கொள்ளும் சொற்கள் அண்ணனிடம் ஸ்பானர் செட் மாதிரி அளவுவாரியாக இருந்தன. டம்ளர், சாஸர் வகையறாவுக்கு, "என் கைதாங்க." நாற்காலிக்கும் மின்விசிறிக்கும், "நான்தாங்க போட்டேன்." கண்ணாடி பதித்த பீரோ என்றால், "நான்தாங்க. நீங்க என்ன சொன்னாலும் தகும்." 'மன்னிச்சிடுங்க' என்பதை மட்டும் அவர் லேசில் வெளியே எடுக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கேட்டுட்டா அவங்க குடுத்தாகணும்லடா. சாமானும் போச்சு, மன்னிப்பும் போகணுமா அவங்களுக்கு?"

இன்னொரு விஷயத்திலும் மிகக் கறாராக இருப்பார். காரணம் சொல்லவே கூடாது. படி வழுக்கியது, கயிறு நைந்தது, எதுவும் கூடாது. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். "நிக்கறதுதாண்டா கஷ்டம். பேசறது எவனும் பேசிடுவான்" என்பார்.

சாமானைத் தொடுவது அவர் வேலையில்லை. தொட்டால் சட்டை அழுக்காகும், அழுக்குச் சட்டையோடு போய்ச் சொன்னால் எடுபடாது. லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார், வாசலில் நிற்பார், வேளை வந்தால் உள்ளே போவார். ஊரில் பாதிச் சாமான்களை உடைத்ததாக ஒப்புக்கொண்ட அந்த மனிதர் தன் கையால் ஒரு ஸ்டூலைக்கூடத் தூக்கியதில்லை.

அவர் திறமையைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு வீட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று போயிற்று. அண்ணன் உள்ளே போய் ஒப்புக்கொண்ட விதத்தில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதனுடைய ஜோடிக் கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்து, "இதையும் நீங்களே உடைச்சிடுங்க தம்பி. ஒண்ணு மட்டும் இருந்து என்ன பண்ணப்போகுது" என்றார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வீட்டில் தொட்டி ஒன்று மீனோடு போயிற்று. அவர் அண்ணனை உட்காரவைத்து, இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "கேளு. என் சர்வீஸ்ல ஒருத்தன்கூட இப்படி வாயத் திறக்கல" என்றார். புறப்படும்போது, தன் காலத்தில் ஆள் கிடைக்காமல் மூடிய வழக்குகள் சில இருப்பதாகவும், அண்ணனுக்கு நேரம் ஒழியும்போது வந்து பார்க்கும்படியும் சொன்னார். இன்னொரு வீட்டில் ஒரு கிளி, அண்ணன் சொன்னதைக் கூண்டிலிருந்து கேட்டுக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பால் பொங்கினாலும் சாவி தொலைந்தாலும், "நான்தாங்க, நான்தாங்க" என்று கிளியே ஏற்றுக்கொண்டது. அந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி அதன்பிறகு சண்டையே போட்டதில்லை. கிளிதான் பாவம், மெலிந்துபோயிற்று.

சரி, இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஷெட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் இருந்தார். மனைவி இல்லை, ஒரே மகள். அவள் கிளினிக் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவாள். எனக்கு ஒரு பல் நிஜமாகவே வலித்தது. அது சரியான பிறகு மற்றவையும் முறைவைத்து வலிக்க ஆரம்பித்தன. டாக்டர் கண்டிப்பானவர், வலிக்கிறது என்று சொன்னால் பிடுங்கிவிடுவார். இப்படியாக, நன்றாக இருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைக் காதலுக்குக் கொடுத்தேன். மூன்றாவதைக் கொடுக்கப் போன அன்று அவள் குனிந்தபடி, "இதுக்கு மேல போனா சாப்பிடறது கஷ்டம். அப்பாகிட்ட நேராவே கேட்டுடுங்க" என்றாள்.

நாற்காலியில் சாய்ந்து, வாய்க்குள் அவர் கண்ணாடி இருக்கும்போதே கேட்டேன். மற்றவர்களுக்கு அது புரிந்திருக்காது. அவருக்கு அப்படிப் பேசுகிறவர்களோடுதானே பிழைப்பு.

"உன் வாயில எனக்குத் தெரியாத இடம் இல்ல" என்றார். "ஆனா உன்னைத் தெரியாது. அடுத்த வாரம் நான் வீடு மாறப்போறேன். உங்க கம்பெனியே வரட்டும், நீயும் வந்து தூக்கு. அடுத்தவன் சாமானை ஒருத்தன் எப்படித் தூக்கறான்னு பாத்துட்டா போதும் எனக்கு. கொப்பளிச்சுத் துப்பு."

அன்று காலை லாரி முழுக்கத் துவைத்த கம்பளிகள். லோடுமேன்கள் என் மேல் உள்ள பிரியத்தில் நாற்காலிகளைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்தார்கள். அவர் மாடிவீட்டிலிருந்து, வளைந்து இறங்கும் ஒரு குறுகலான படிக்கட்டு வழியாக எல்லாம் வரவேண்டும். மத்தியானம் வரை ஒரு கீறல் இல்லை. வாசலில் நின்ற அண்ணனுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு உன் நாள்டா" என்றார். "இன்னைக்கு என் வாய்க்கு வேலை வந்துடவே கூடாது."

அந்தக் கவலையில்தான் அவர் மாடிக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டு அறையின் அலமாரிமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா தனியாக இருந்தது. தனியாக வைத்திருக்கிறார்கள் என்றால் முக்கியமானது, இந்தத் தடிப்பசங்கள் கையில் அது போகக்கூடாது என்று நினைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாமானைத் தானே தூக்கினார். தூக்கிப் பழகியவன் எவனும் டப்பாவை அடியில் பிடிப்பான். அண்ணன் மூடியில் பிடித்தார்.

படிக்கட்டின் வளைவில் மூடி அவர் கையில் நின்றது. டப்பா நிற்கவில்லை.

சுருட்டிய மெத்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு டாக்டர் மேலிருந்து வந்தார், மகள் கீழிருந்து வந்தாள். படிகளில் சில்லுகள் சிதறிக் கிடந்தன. அண்ணன் மூடியைச் சட்டெனக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார். பழக்கதோஷம். உடைந்ததன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதும் அவர் முறை.

டாக்டர் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். பிளாஸ்டரில் வார்த்த ஒரு பல் வரிசை அது. கல்யாணமான புதிதில், தொழில் பழக மனைவியின் பற்களையே அவர் அச்செடுத்திருக்கிறார். வாயில் அச்சுக் கரண்டியை வைத்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டதாம். அச்சு கொஞ்சம் கோணலாக, சிரிப்போடேயே விழுந்துவிட்டது. பல் எடுப்பு என்று நினைத்துக்கொண்டு எந்தப் போட்டோவிலும் வாயைத் திறக்காதவர் அந்த அம்மா. அவர் சிரித்தது என்று வீட்டில் மிச்சமிருந்தது அந்த டப்பாவுக்குள் இருந்தது ஒன்றுதான்.

அண்ணன் ஒரு படி இறங்கி, தலையைச் சரியான அளவுக்குத் தாழ்த்தி, "நான்தாங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்பா. உன் வேலை அது. நிஜமா யாரு போட்டது?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் முதலாளிக்கும் அவர்தான் பல் பார்ப்பவர். அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தவர்களிடம் எந்த ரகசியம் தங்கும்? அண்ணனை வைத்துத் தொழில் நடக்கிற விதத்தை முதலாளி என்றைக்கோ பெருமையாக உளறியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னாலும் தகும் டாக்டர்" என்றார் அண்ணன். அது பீரோவுக்கான சொல்.

"நல்லா சொல்ற. முதலாளி சொன்னதைவிட நல்லாவே சொல்ற. இவன்தானே போட்டான்?"

"என்னை மன்னிச்சிடுங்க" என்றார் அண்ணன். செட்டிலிருந்த கடைசி ஸ்பானரும் வெளியே வந்துவிட்டது. குரலில் பிசிறில்லை. கை ஆடவில்லை. அந்த ஊரில் அதைவிட அழகாக யாரும் எதையும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது. டாக்டர் முகம் இன்னும் இறுகியது.

நான் மெத்தையோடு நின்றேன். நான் இல்லை என்றால் அண்ணனைக் கைகாட்டியதாக ஆகும். நான்தான் என்றால் பொய். வாயை மூடிக்கொண்டேன். அவளும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. மெத்தை எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு அவ்வளவு கனத்ததில்லை.

"உடைஞ்சது போகட்டும்" என்றார் டாக்டர். "சாமான்னா உடையும். ஆனா தான் செஞ்சதைச் சொல்ல ஒரு ஆளை முன்னாடி நிறுத்திட்டு, பின்னாடி மெத்தைக்குள்ள ஒளிஞ்சுக்கற பையனுக்கு என் பொண்ணைத் தரமாட்டேன். மெத்தையைக் கொண்டுபோய் வண்டியில போடு. வேலையை முடிச்சுட்டுக் கிளம்பு."

நான் ஒரு படி இறங்கினேன். அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பிஸ்கட் டப்பாவுல கொண்டுபோய் இதை வெப்பாங்களா யாராவது?" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"மூடி லூசு. படியில வெளிச்சம் வேற இல்ல. இது என்னன்னு எழுதி ஒட்டியிருக்கலாம்ல? நான் பிஸ்கட்டுன்னு நெனச்சேன். இல்ல, பிஸ்கட்டுன்னு நெனைக்கல, முக்கியம்னு நெனச்சுத்தான் எடுத்தேன். இவன் வேற பின்னாடி வந்து இடிச்சான். இடிக்கல. இடிக்கற மாதிரி வந்தான். நான் என்ன வேணும்னா போட்டேன்? எனக்குத் தூக்கிப் பழக்கமே இல்ல டாக்டர்."

நான் கேட்ட ஒப்புதல்களிலேயே மட்டமானது அது. சொல்லி முடித்துவிட்டு அண்ணனே தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் எங்கேயோ போயிற்று.

"ஓ" என்றார். "நீதானா."

"ஆமா டாக்டர்."

"தப்பான பல்லைப் புடுங்கிட்டா நானும் இப்படித்தான் பேசுவேன். விளக்கைச் சொல்லுவேன், நர்ஸைச் சொல்லுவேன், சமயத்துல அந்தப் பல்லையே சொல்லுவேன். உட்காரு. நிக்காத, விழுந்துடுவ."

அண்ணன் படியில் உட்கார்ந்தார். நான் மெத்தையை இறக்கிவைத்தேன், நாலு பேருமாகப் பொறுக்கினோம். முன்பல் ஒன்று மட்டும் மற்றவைபோல் பழுப்பேறாமல் தனி வெள்ளையாக இருந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இது நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது உடைச்சது. அப்பா புதுசா செஞ்சு ஒட்டினது" என்று என்னிடம் சொன்னாள்.

டாக்டர் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமினார். "அப்ப இருந்த வீட்டு மேசை ஒரு பக்கம் ஆடும்" என்றார்.

"எந்த மேசை?"

"அன்னைக்குத் துடைச்ச ஈரம் வேற. நான் எடுத்துப் பாத்துட்டு வெக்கப் போனேன். நீ அப்பத்தான் பக்கத்துல வந்து நின்ன. அம்மா போயி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. எனக்குத் தூக்கம் சரியில்ல, வெளிய ஒரே சத்தம்..."

அவள் கை அப்படியே நின்றது. என் பக்கத்தில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் தெரிந்த காது அல்லவா. டாக்டர் பக்கம் சாய்ந்து மெதுவாக, "காரணம் வேண்டாம் டாக்டர். 'நான்தான்'னு ஆரம்பிங்க" என்றார்.

"நான்தான்" என்றார் டாக்டர்.

"அவங்களைப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் மகளைப் பார்த்தார். "நான்தாம்மா போட்டேன். நீ இல்ல. உன் மேல சொல்லிட்டேன்."

"போதும். இப்ப நிறுத்திடுங்க" என்றார் அண்ணன்.

டாக்டர் நிறுத்திவிட்டார். அண்ணன் சொன்னது வாஸ்தவம், அந்த நிற்கிற நேரம்தான் கஷ்டம். கீழே லோடுமேன்கள் யாருக்கோ வழிவிடச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தருவாள். அதை நான் அதுவரை மரியாதை என்று நினைத்து மயங்கியிருந்தேன்.

"எத்தனை தடவை அழுதிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சில்லுகளையெல்லாம் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, டப்பாவின் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். 'பாத்து' என்று சொல்ல டாக்டரின் வாய் திறந்தது. அண்ணன் அவர் முழங்காலைத் தொட்டார். வாய் மூடிக்கொண்டது.

அண்ணன் அதற்குப் பிறகும் பல வருஷம் எங்களோடு இருந்தார். ஆனால் 'நான்தாங்க' என்று சொல்லும்போது லேசாகக் குரல் தடுமாற ஆரம்பித்தது. அதற்காகவே அவரைக் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். இரண்டு குடும்பங்கள் வீடு மாறாமலே அவரை வரவழைத்துப் பேசவிட்டதாகவும் சொல்வார்கள், அதை நான் நேரில் பார்க்கவில்லை. இப்போது அவர் இல்லை, முதலாளியும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது, இதைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் எத்தனை கம்பளி வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போவேன்.

அன்று புது வீட்டுக்குப் போகும்போது லாரியின் முன்பக்கம் நாங்கள் மூன்று பேர். அண்ணன் தானாகவே பின்னால் போய்ச் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலோரம் அவள், மடியில் டப்பா. நடுவில் டாக்டர். சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு கட்டத்தில் நடந்துபோன ஒருவரும் தாண்டினார். ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியையும் நான் சுற்றிக்கொண்டு போனேன்.

"ஏன்டா" என்றார் டாக்டர், ரோட்டைப் பார்த்தபடி. "என் நாற்காலியில உட்கார்ந்தா மட்டும்தான் வாயைத் திறப்பியா? நீ போடலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"அண்ணன் எனக்காகத்தான் அதைத் தூக்கினார்."

"அவன் அப்படி உளறாம இருந்திருந்தா பொண்ணு போயிருக்குமே."

"ஆமாங்க."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கை டப்பாமேல், இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே காற்றில். அவர் அந்தக் கையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எங்க குடியிருக்கறதா உத்தேசம்?"

எனக்குக் கியர் மாறி விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. மூன்று பேரும் டப்பாவைப் பார்த்தோம். அது சும்மாதான் இருந்தது.

"இன்னும் பாக்கல மாமா" என்றேன்.

அந்த 'மாமா'வுக்கு அவர் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை.

"பக்கத்துலயே பாரு" என்றார். "ரொம்ப தூரம்னா சாமானை உங்க கம்பெனிக்காரங்கதானே தூக்கிட்டு வருவாங்க."